பூனைக்கு முன்னால் தொட்டவர்

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை மத்தியானம் நான் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. அதனால்தான் இந்த வாரமும் வழக்கம்போல உங்களைப் பிடித்துவைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கதையைச் சொல்ல இத்தனை நாள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் பயம் அல்ல. வெட்கம். கதையில் நான் நல்லவன் இல்லை.

முதலில் பூனையை அறிமுகம் செய்துவிடுகிறேன். பெயர் மந்திரி. பகல் முழுக்கத் தூக்கம், வேளாவேளைக்கு மீன், என்ன கேட்டாலும் பதில் கிடையாது. வேறு என்ன பெயர் வைப்பது? என் மனைவி சரோஜத்துக்கு அவன் என்றால் உயிர். எனக்குச் சோறு ஆறிப்போனாலும் பரவாயில்லை, அவனுக்கு மத்தி மீன் முள் நீக்கித்தான் வைக்க வேண்டும்.

குன்னத்துகாலில் எங்கள் வீடு. பஸ்ஸில் கொஞ்சம் அசந்து தூங்கிவிட்டால் கண்டக்டர் தமிழ்நாட்டில்தான் எழுப்புவார், அப்படி ஓர் இடம். வீட்டுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு கையாலை... மண்ணைக் குழைத்து எழுப்பிய வரப்புச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் ரோஸ்லெட் வீடு.

ரோஸ்லெட்டின் கணவர் பட்டாளத்தில், வடக்கே எங்கோ பனியில் நிற்கிறார். ரோஸ்லெட் தையல்காரர். எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற ரவிக்கைகளில் பாதி அவருடைய மெஷினில் பிறந்தவை. மெஷின் ஓடாத நேரமெல்லாம் கோழி.

போன வருஷம் நோய் வந்து, ஒரே வாரத்தில் அத்தனை கோழியும் தலை தொங்கிப் போயிற்று. வேறொருவராக இருந்தால் கோழிக்கூட்டை அடுப்பில் வைத்திருப்பார். இவர் கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். மாசக்கணக்கில் வெறுமனே போட்டுவைத்தார். பிறகு ஒருநாள் ஆரியங்கோட்டில் உறவினர் வீட்டுக்குப் போனவர், புடவைத் தலைப்புக்குள் ஒரே ஒரு பெட்டைக்கோழியை மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

கழுத்தில் இறகே இல்லாத நாட்டு ஜாதி. சிவப்புக் கழுத்தை நீட்டிக்கொண்டு அது நடப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது.

“சிரியுங்கோ சாறே” என்றார் ரோஸ்லெட். எங்கள் பக்கத்தில் வாத்தியார் என்றால் சாறு. “இதுக்க ஜாதி சூடு தாங்கும், மழை தாங்கும். இதிலேருந்து நான் ஒரு கூடு நெறைய ஆக்கிக் காட்டுதேன்.”

தெருவில் திரிந்த ஒரு சேவலின் தயவில், சொன்னபடி முட்டை சேர்த்தார். அடைவைத்தார். மே மாதக் கடைசியில் பன்னிரண்டு குஞ்சுகள். பழுப்பும் மஞ்சளுமாகத் தாயின் பின்னால் உருண்டுகொண்டு போகும். தையல் மெஷினை ஜன்னலோரம் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒரு கண் துணியில், ஒரு கண் குஞ்சில். ஏறக்குறைய ஒரு வருஷத்து நம்பிக்கை அந்தத் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு குஞ்சைக் காணவில்லை. நாலு நாள் கழித்து இன்னொன்று. பிறகு மூன்றாவது.

“சாறே, உங்க பூச்சையா இருக்குமோ?” என்று கையாலைக்கு மேலாகக் கேட்டார் ரோஸ்லெட்.

“சே, சே... மந்திரி வாசலைத் தாண்ட மாட்டான். கீரியாக இருக்கும்” என்றேன். மறுமுறை கேட்டபோது பருந்து என்றேன். எங்கள் குளியலறைக்குப் பின்னால் நான் பார்த்த இறகுகளை அதற்கு முன்பே வாழை மூட்டில், வேரடியில் புதைத்திருந்தேன். ஓர் ஆசிரியர் செய்கிற காரியமா இது? செய்தேன்.

பிறகு மனசு உறுத்தி, மந்திரியைச் சாக்கில் கட்டிக் காஞ்சிரங்குளத்தில் என் மச்சினி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கடற்கரைப் பக்கம், மீனுக்குப் பஞ்சமில்லை, இருந்துகொள்வான் என்று. ஐந்தாம் நாள் காலையில் அடுக்களைப் படியில் உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

இப்போது அந்தப் புதன்கிழமை.

ஏதோ ஒரு கோரிக்கைக்காகப் பிள்ளைகள் வகுப்பைவிட்டு வெளியேறிச் சமரம் செய்ததால் பள்ளிக்கூடம் மத்தியானமே விட்டுவிட்டது. கேரளத்தில் ஆசிரியராக இருப்பதில் உள்ள ஒரே சௌகரியம். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டேன். சரோஜம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரோஸ்லெட் தோட்டத்தில் மந்திரி! வாயில் ஏதோ அசைகிறது.

கத்தினேன். பயந்துபோய் வாயிலிருந்ததைப் போட்டுவிட்டு ஒரே தாவலில் கையாலைமேல் ஏறி எங்கள் பக்கம் குதித்து ஓடினான். கீழே கிடந்த குஞ்சு கீச்சு கீச்சென்று கத்தியது. உயிர் இருந்தது.

நான் வெறுங்காலோடு ஓடினேன். குஞ்சைக் காப்பாற்ற ஓடினேன் என்று எழுதலாம். எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ரோஸ்லெட் பார்ப்பதற்கு முன்னால் அதை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும்... என் மனசில் இருந்தது அதுதான்.

கையாலை ஓரிடத்தில் இடிந்து தாழ்ந்திருக்கும். அதன் வழியாக அந்தப் பக்கம் இறங்கினேன். கோழி அடைப்பைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒரு புதுக் கம்பி ஓடியது. குஞ்சு கம்பிக்கு உள்பக்கம் கிடந்தது. கம்பியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மறு கையை நீட்டலாம் என்று குனிந்தேன். கைக்கும் கம்பிக்கும் ஒரு சாண் இருந்திருக்கும்.

“சாறே! நில்லுங்கோ! கம்பிய தொடண்டாம்!”

நெய்யாற்றின்கரைக்குப் போய்த் துணி வாங்கிக்கொண்டு அப்போதுதான் வந்து வாசலில் ஏறியிருக்கிறார் ரோஸ்லெட். அந்தக் குரலில் நான் அப்படியே உறைந்தேன். அவர் என்னிடம் ஓடி வரவில்லை. வீட்டுக்குள் ஓடினார். இரண்டு நிமிஷம் ஆனதுபோல இருந்தது. பத்து நொடிகூட ஆகியிருக்காது. வெளியே வந்தபோது அவர் கையில் பியூஸ் கட்டை.

அதற்குப் பிறகுதான் அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். பத்தடி தள்ளி, கம்பியை ஒட்டி, அந்தச் சிவப்புக் கழுத்துக் கோழி காலை நீட்டிக் கிடந்தது.

கோழி கம்பியோரம் கிடக்கிறது, கம்பி புதிது, மண் ஈரம், நான் வெறுங்கால். இத்தனையையும் ஒரு பார்வையில் கூட்டி, என்னைப் பிடித்து இழுக்கப் போனால் இரண்டு பேரும் போவோம் என்பதையும் யோசித்து, நேராக மீட்டர் பலகைக்கு ஓடியிருக்கிறார். நான் பதினைந்து வருஷமாக ஒன்பதாம் வகுப்புக்கு மின்னோட்டப் பாடம் நடத்துகிறவன். புதுக் கம்பியைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஒன்றும் தோன்றவில்லை.

ரோஸ்லெட் பியூஸ் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கோழியை எடுத்து ஒருமுறை தடவினார்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டிலிருந்து வில்சன் ஓடி வந்தான். ரோஸ்லெட்டின் கணவருடைய தம்பி. பிளம்பர். மதினிமேல் அவனுக்குப் பெரிய பாசம். குஞ்சுகள் போவதைப் பார்த்துப் பொறுக்காமல், அவர் வெளியே போன நேரத்தில் கம்பியைக் கட்டி, வீட்டு மெயினிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துவிட்டான். வந்ததும் சொல்லலாம் என்றிருந்தானாம். சோறு தின்னப் போன இடைவெளியில் இத்தனையும் நடந்துவிட்டது.

“எலே வில்சா, சாறு இப்பம் செத்திருப்பாருலே.”

“மைனி... நான் பூச்சைக்காக்கும் வச்சேன்.”

“கம்பிக்குத் தெரியுமாலே அது?”

வில்சனின் முகம் சாம்பலாகிவிட்டது.

இதை இதோடு மறைத்துவிடலாம். கோழி போனது அவருக்கு நஷ்டம், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, சரோஜத்துக்கு எதுவும் தெரியாது. எனக்கும் அதுதான் சௌகரியம். ஆனால் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ரோஸ்லெட் வில்சனையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, இன்னைக்கு எங்க வளைப்பில வச்ச கம்பியில சாறுக்க உயிரு போயிருக்கும். தப்பு எங்களுக்காக்கும். உங்ககிட்ட பறையாம இருந்தா எனக்கு உறக்கம் வராது.”

சரோஜம் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் என்ன செய்வது? இவர் முன்னால் அப்படியே நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். குஞ்சுகளைத் தின்றது மந்திரிதான், இறகைப் புதைத்தது நான், கீரியும் பருந்தும் என் கற்பனை.

“அது எனக்கு முன்னமே தெரியும் சாறே” என்றார் ரோஸ்லெட்.

“பிறகு ஏன் கேட்கவில்லை?”

“ரெண்டு தடவ கேட்டேனே. மூணாவது தடவ நீங்களா பறைவீங்கன்னு இருந்தேன்.”

அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதினால் நம்புங்கள்.

பூனை வாயிலிருந்து தப்பியதையும் சேர்த்து, தாயில்லாத ஒன்பது குஞ்சுகளையும் ஒரு கூடையில் போட்டு, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டு, அதன் சூட்டில் வளர்த்தார் ரோஸ்லெட். மத்தியானம் கொன்ற அதே கரண்ட்தான் சாயங்காலம் குஞ்சுகளை அணைத்துக்கொண்டிருந்தது. அவரும் அதை யோசித்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் கையாலையோரம் வந்து நின்றார்.

“சாறே, நீங்க பள்ளிக்கூடத்தில கரண்டு படிப்பிக்கியதுல்லா? எனக்கு ஒண்ணு பறைஞ்சு தாங்கோ. பூச்சைக்கு வலிக்கணும். சாகப்பிடாது. அப்பிடி ஒரு கரண்டு உண்டா?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மின்னழுத்தம், மின்தடை என்று ஆரம்பித்தேன். இரண்டே வாக்கியத்தில் எனக்கே தெரிந்துவிட்டது, அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. “கரண்டோடு விளையாட வேண்டாம் ரோஸ்லெட், பூனையைக் கட்டிப்போட்டு வளர்க்கிறோம்” என்றேன்.

“பூச்சையக் கட்டிப்போட்டா அது பூச்சையா சாறே? பேப்பர்ல விவசாயப் பக்கத்தில வாசிச்சேன். மலைப்பக்கம் ஆனை எறங்காம இருக்க கரண்டு வேலி போடுதாங்களாம். ஆனை தொட்டுட்டு ஓடுமாம், சாகாதாம். ஆனைக்கு ஒரு வழி உண்டுண்ணா பூச்சைக்கு இல்லியா?”

கேள்வி கேட்டவர் மெஷினுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் நிம்மதி போயிற்று. பள்ளி நூலகத்தில் தூசி தட்டி இரண்டு புத்தகம் எடுத்துப் படித்தேன். விஷயம் இதுதான். வீட்டு மெயின் கரண்ட் நிற்காமல் ஓடுவது. தொட்டவன் கையை அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், விலக முடியாது. வேலிக்குக் கொடுப்பது வேறு. கண் சிமிட்டுகிற நேரத்துக்கு மட்டும், மிகக் கொஞ்சமாக, ஒரு துடிப்பு. பிறகு இடைவெளி. அந்த இடைவெளியில் தொட்ட பிராணி விலகி ஓடிவிடலாம்.

இதைக் கரித்துண்டால் கையாலையில் படம் வரைந்து விளக்கினேன். ரோஸ்லெட் கடைசிவரை கேட்டார்.

“அப்போ அடி குடுத்திட்டு விட்டிரணும். பிடிச்சு வைக்கப்பிடாது. அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். பதினைந்து வருஷத்தில் இத்தனை சின்ன வாக்கியத்தில் நான் அதைச் சொன்னதில்லை.

மறுநாள் பாறசாலையில் மணியன் என்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியனின் பட்டறையில் போய் நின்றார் ரோஸ்லெட். வாசலில் நாலு ஆட்டோ, ஒரு ஜீப். எல்லாம் ஆண்கள். இவர் போய், “பெட்ரோல் காரில பிளக்குக்குத் தீப்பொறி குடுக்க ஒரு காயில் உண்டுல்லா, பழசா ஒண்ணு வேணும்” என்று கேட்டாராம். கூட வந்த வில்சன்தான் பிறகு எனக்கு நடித்துக் காட்டினான்.

“எந்தினா சேச்சி?” என்று கேட்டிருக்கிறார் மணியன். அவருக்குத் தமிழ் புரியும், பேச வராது.

“பூச்சைக்கு.”

பட்டறையே சிரித்தது. ரோஸ்லெட் சிரிப்பு முடிகிறவரை காத்திருந்தார். பிறகு அந்தப் புதன்கிழமையை மலையாளத்தில் ஆதியோடந்தமாகச் சொன்னார். கோழி, வெறுங்கால், ஒரு சாண் தூரம். சிரித்த ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவராக நெருங்கி வந்து கேட்டார்களாம். மணியன் கையைத் துடைத்துக்கொண்டு, “இரிக்கு சேச்சி” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

காயில் கிடைத்தது. காரின் சைடு விளக்கை டிக் டிக் என்று விட்டு விட்டு எரியவைக்கிற சின்ன டப்பா ஒன்று கிடைத்தது. ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி ஒன்று. மெயின் பக்கம் எதுவுமே போகக் கூடாது என்பது ரோஸ்லெட்டின் முதல் நிபந்தனை. எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும் என்பது இரண்டாவது. மணியன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் எல்லாவற்றையும் அடக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

(இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் காயிலும் கம்பியுமாக இறங்கிவிடாதீர்கள். மணியன் மாதிரி தெரிந்தவர் கையில் செய்த வேலை இது. மெயினிலிருந்து வேலிக்குக் கம்பி இழுப்பது கொலைக்குச் சமம். எதிரே நின்று பார்த்தவன் சொல்கிறேன்.)

முதல் முயற்சி தோல்வி. மரச்சீனிக் கம்புகளை, அதாவது மரவள்ளித் தண்டுகளை, நட்டுக் கம்பியைக் கட்டியிருந்தார்கள். மழையில் கம்புகள் ஊறி, இருந்த கொஞ்சக் கரண்டும் அவற்றின் வழியாக மண்ணுக்குள் போய்விட்டது. மந்திரி வந்தான். கம்பியில் கன்னத்தைச் சொகுசாகத் தேய்த்துக்கொண்டு போனான்.

வில்சன் அன்று முழுக்க வேலைக்குப் போகவில்லை. பிளாஸ்டிக் குழாயைச் சாண் சாணாக அறுத்து, ஒவ்வொரு கம்பிலும் செருகி, அதன்மேல் கம்பியை ஏற்றினான். மதினியிடம் அவன் அதிகம் பேசுவதில்லை அப்போது. வேலையாகவே பேசிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது முயற்சியும் தோல்வி. கம்பியில் கரண்ட் இருந்தது. மந்திரி அதற்குமேல் தாவிப் போய்விட்டான்.

நானாக இருந்தால் இந்த இடத்தில் விட்டிருப்பேன். நீங்களும் விட்டிருப்பீர்கள். ரோஸ்லெட் என்ன செய்தார்? குஞ்சுகளைக் கூடைக்குள் பத்திரமாக மூடிவைத்துவிட்டு, ஒரு வாரம் பூனையைப் பார்த்தார். வெறுமனே பார்த்தார். ரவிக்கை தைத்துக்கொண்டே பார்த்தார். எந்த நேரம் வருகிறான், எந்தப் பக்கம், தாவுவதற்கு முன்னால் என்ன செய்கிறான். எனக்கு அவனைக் குட்டியிலிருந்து தெரியும். ரோஸ்லெட் ஒரு வாரத்தில் கண்டுபிடித்தது எனக்குத் தெரியாது.

“சாறே, உங்க பூச்சை ஒருநாளும் நேரா சாடாது. கையாலை இடிஞ்ச எடத்தில வந்து முன்னங்கால் ரெண்டையும் வச்சு, மூக்க நீட்டி மணத்துப் பாக்கும். பெறகாக்கும் சாடுதது. நாம கோழிக்க பக்கம் கம்பி போட்டோம். போட வேண்டியது மூக்கு வார எடத்திலயாக்கும்.”

கம்பி இடம் மாறியது. அடைப்பைச் சுற்றி அல்ல, கையாலை தாழ்ந்த அந்த ஓரிடத்தில், நாலு விரல் உயரத்தில், இரண்டே வரி. அதில் உரசுகிற புல்லையெல்லாம் ரோஸ்லெட் தானே அரிந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து எல்லோரும் கூடினோம். மணியனும் சைக்கிளில் வந்திருந்தார். பிஸ்கட் டின் டிக் டிக் என்றது. பூனை வருகிறதா என்று நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரோஸ்லெட் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைத் தன் காலடியில் ஊற்றினார்.

“என்ன செய்யப் போகிறீர்கள்?” என்றேன்.

“தொட்டுப் பாக்கண்டாமா?”

“செருப்பையாவது போட்டுக்கொள்ளுங்கள்!”

“பூச்சை செருப்பு போட்டா வருது?”

சரோஜம் “வேண்டாம் ரோஸ்லெட்டு” என்று கத்தினாள். மணியன், “நான் நோக்காம் சேச்சி” என்று முன்னால் வந்தார். ரோஸ்லெட் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எனக்க கோழிக்காகவாக்கும் வைக்கியது. அப்போ முதல் அடி எனக்கு.”

தொட்டார்.

“ஹம்மோ!” என்று கை தானாகப் பின்னால் பறந்தது. ஓரடி தள்ளி நின்று விரலையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. பிறகு சிரித்தார்.

“நல்லா வலிக்குது. ஆனா விட்டிருது.”

அடுத்தது மணியன். அடுத்தது வில்சன். அவன் தொட்டான், கையை உதறினான், விலகிப் போனான். அந்தக் கோழியைப் புதைத்த தென்னை மூட்டருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ரோஸ்லெட் பின்னாலேயே போய் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “போட்டும் மக்கா. வா, காப்பி குடி.” புதன்கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் மதினியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

என் முறை வந்தது. பூனைக்குச் சொந்தக்காரன் ஆயிற்றே, தப்ப முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். முழங்கையைக் கதவு மூலையில் இடித்துக்கொண்டதுபோலவும், கூடவே யாரோ அடிஸ்கேலால் போட்டதுபோலவும் இருந்தது. அவ்வளவுதான். வலி முடிந்துவிட்டது. சரோஜம் சிரிப்பதுதான் முடியவில்லை.

ரோஸ்லெட் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

“மணியன் அண்ணா, இது இத்திரி கூடுதலாக்கும். நமக்கு விரல். அதுக்கு ஈர மூக்கில்லியா?”

மணியன் டின்னைத் திறந்து இன்னும் குறைத்தார். மறுபடியும் ரோஸ்லெட் தொட்டார். இந்தமுறை மூக்கையே கம்பியருகே கொண்டுபோய், தயங்கி, புறங்கையால் தொட்டார். “இப்பம் செரி.”

தன் குஞ்சுகளைத் தின்ற பூனைக்காக, தன் தாய்க்கோழி போவதற்குக் காரணமான பூனைக்காக, ஒருவர் கரண்டைக் குறைக்கச் சொல்லி இரண்டாம் முறை அடி வாங்குவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு மந்திரி புறப்பட்டான். முன்னங்கால் இரண்டையும் கையாலையில் வைத்தான். மூக்கை நீட்டினான். அடுத்த நொடி நின்ற இடத்திலிருந்து நேர் மேலே எழும்பினான். வால் குப்பி கழுவுகிற பிரஷ்போல விடைத்துவிட்டது. மூன்றே பாய்ச்சலில் எங்கள் அடுக்களை, அங்கிருந்து அரிசிப் பெட்டியின் உச்சி. சரோஜம் மத்தித் தலையை நீட்டி அரை மணி நேரம் சமாதானம் செய்த பிறகுதான் இறங்கினான். அடிபட்ட அறிகுறி எதுவும் இல்லை. மானம்தான் கொஞ்சம் போயிருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பதினைந்து நாள் கழித்து ரோஸ்லெட் பேட்டரியைக் கழற்றி மணியனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். கரண்ட் இல்லாத வெறும் கம்பி மட்டும் நிற்கிறது. ஒன்பது குஞ்சும் சிவப்புக் கழுத்தை நீட்டிக்கொண்டு தோட்டம் முழுக்க மேய்கின்றன. யாரும் இப்போது சிரிப்பதில்லை. “ஒரு குஞ்சு பறைஞ்சு வைக்கணும்” என்று முன்கூட்டியே சொல்லிவைக்கத்தான் வருகிறார்கள்.

வேறு சிலரும் வருகிறார்கள். ஆரியங்கோட்டுக்காரர் ஒருவர், மரச்சீனித் தோட்டத்தில் பன்றி இறங்குகிறது, அந்த டின்னில் கரண்டை நன்றாகக் கூட்டித் தர முடியுமா என்று கேட்டு வந்தார். ரோஸ்லெட் தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “கூட்டித் தரச் சொல்லுதேன். வெறுங்காலோட நீங்க முதல்ல தொடணும்” என்றார். வந்தவர் குடையை எடுத்துக்கொண்டார்.

யோசித்துப் பார்க்கிறேன். அடுத்தவர்களுக்கு வலி கொடுக்கிற வேலை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? பிரம்பு வைத்திருக்கிற நான், அபராதம் போடுகிற அதிகாரி, ஊசி போடுகிறவர், வீட்டில் நாக்கைச் சுழற்றுகிறவர்... கொடுப்பதற்கு முன் ஒருமுறை நாமே வாங்கிப் பார்த்திருக்கிறோமா? எவ்வளவு போதும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

போன வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் மின்னோட்டப் பாடம் ஆரம்பிக்க வேண்டிய நாள். ரோஸ்லெட்டிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போனேன். “நான் என்னத்தப் பறைய சாறே” என்று வழியெல்லாம் வெட்கப்பட்டவர், மணியனிடம் மறுபடி பேட்டரி வாங்கி மாட்டிய பிஸ்கட் டின்னை மேஜைமேல் வைத்ததும் மாறிவிட்டார். கம்பியின் நுனியில் நீலமாகத் தீப்பொறி குதிப்பதைக் காட்டினார். பிள்ளைகள் யாரையும் தொட விடவில்லை. முக்கால் மணி நேரம். பின் பெஞ்சில் ஒரு சத்தம் இல்லை. நான் பாடம் எடுக்கும்போது அந்தப் பெஞ்சில் சந்தை நடக்கும்.

கடைசியில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். “முதல்ல தொடும்போ உங்களுக்குப் பயம் இருந்திச்சா?”

“பயம் உண்டு மக்கா. அதுனாலதான் தொட்டேன். நான் பயப்படுத ஒண்ண, கேட்டுச் சொல்ல வாயில்லாத ஒரு ஜீவனுக்கு எப்பிடிக் குடுக்க?”

இன்னொருத்தி கேட்டாள். “நீங்க எதுவரை படிச்சிருக்கு?”

“பத்து.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சிரித்தார். “சயன்ஸில ரெண்டு தடவ தோத்திட்டாக்கும் ஜெயிச்சது.”

ஓணப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாராகிவிட்டது. விடைத்தாள்களை ரோஸ்லெட்டைத் திருத்தச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்... பிள்ளைகள் தேறிவிடுவார்கள், பாடம் நடத்திய நான்தான் தோற்பேன்.